உஷார்! உங்கள் ஊருக்கு வெளிநாட்டு உதவி வருகிறதா? கைதட்டுமுன் இதைப் படியுங்கள்

உங்கள் ஊர்ச் சந்தியில் புதிதாக ஒரு பெரிய பெயர்ப்பலகை நட்டிருக்கிறார்களா? மேலே இரண்டு நாட்டுக் கொடிகள், நடுவில் ஒரு பெரிய தொகை, கீழே நட்புறவைப் பற்றி ஒரு வரி? அப்படியென்றால் தயவுசெய்து கொஞ்சம் நில்லுங்கள். இதை முழுவதும் வாசியுங்கள். வாசித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.

அந்தப் பலகையில் எழுதாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் பணத்தை யார் திருப்பிக் கட்டுவது, எத்தனை ஆண்டு, என்ன வட்டி?

கட்டப்போவது நீங்கள்தான். உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகள்.

இலங்கைக்கு வரும் வெளிநாட்டு அபிவிருத்தி நிதியில் மிகப் பெரிய பங்கு கடன்தான். சும்மா கொடுக்கும் நன்கொடை அதில் சிறு துண்டு. இது பலருக்குத் தெரியாது. படித்தவர்களே, "ஜப்பான் கட்டித் தந்தது, சீனா போட்டுத் தந்தது" என்று பேசுவதை நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. நம் காசில் கட்டியதற்கு நாம் இன்னொருவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறோம். நம் காசு என்று தெரியாததால்தான் யாரும் கணக்குக் கேட்பதில்லை!

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒரு தாயின் கதையைச் சொல்கிறேன்.

அம்பாறை மாவட்டம், அக்கரைப்பற்றுப் பக்கம். பெயர் வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தது. வீடு போனது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியதால் இரண்டு உயிர் தப்பியது. பிறகு கூடாரம். பிறகு தகரக் கொட்டில். பிறகு உறவினர் வீட்டுத் தாழ்வாரம். இப்படி நாட்கள் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நல்ல செய்தி வந்தது. சவூதி அரேபியா வீடு கட்டித் தருகிறதாம். நுரைச்சோலையில் 500 வீடுகள்! (புத்தளத்தில் அனல் மின்நிலையம் இருக்கும் நுரைச்சோலை வேறு, இது அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில்.) வீடு மட்டுமில்லை. பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை எல்லாம் உண்டு. இது கடனும் இல்லை, சுத்தமான நன்கொடை.

வீடுகள் எழும்பின. கூரை போட்டார்கள். கதவு மாட்டினார்கள். அந்தத் தாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எந்த வரிசையில் நமக்குக் கிடைக்கும் என்று பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

திறப்பு வரவில்லை.

அந்த வீடுகள் யாருக்கு என்ற சண்டை நீதிமன்றம் போனது. சுனாமியில் எல்லாம் இழந்த முஸ்லிம் குடும்பங்களுக்கென்று ஒரு பக்கம். எல்லா இனத்தவருக்கும் விகிதப்படி பகிர வேண்டும் என்று இன்னொரு பக்கம். உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் பகிர்வு நகரவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. சுற்றிலும் காடு ஏறியது. கதவும் நிலையும் களவு போயின. கைக்குழந்தையாக இருந்த பிள்ளை பாடசாலை முடித்துவிட்டது. தாய் இன்னும் வாடகை கட்டிக்கொண்டிருந்தாள்.

இங்கேதான் கவனியுங்கள். இதில் பணத்தை யாரும் திருடவில்லை. கொடுத்த நாடு வாக்கை மீறவில்லை. ஒப்பந்தகாரர் வேலையை முடித்தார். கோப்பில் பார்த்தால் எல்லாம் சரி: 500 வீடு கட்ட வேண்டும், 500 வீடு கட்டியாயிற்று. கட்டிடத்தை எண்ணுகிறவருக்கு இது முழு வெற்றி. ஆனால் ஒரு குடும்பம்கூட உள்ளே போய் உலை வைக்கவில்லை!

யார் குடியேறப்போகிறார்கள், காணி யாருடையது, பட்டியலை எந்தச் சட்டப்படி யார் போடுவது? இந்த மூன்று கேள்வியையும் அடிக்கல் நடுமுன் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் சண்டை கடதாசியில் முடிந்திருக்கும். ஒரு சிறிய நாடு தனக்கு வரும் உதவியை எப்படிக் கையாளுகிறது என்று மதிப்பிட உட்கார்ந்தால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு செலவானது என்பதெல்லாம் பிறகு.

சுனாமி உதவி முழுவதிலுமே இந்த நோய் இருந்தது. அழிவுக்குப் பின் உலகமே நம் பக்கம் ஓடி வந்தது. பில்லியன் கணக்கில் டொலர் வாக்களித்தார்கள். ஆனால் தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள் கட்டக்கூடாது, வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்குள் காணி வைத்திருந்தவன் எங்கே போவான்? அதற்குப் பதில் வருமுன்பே வீட்டுத் திட்டங்கள் ஓடத் தொடங்கின. ஹம்பாந்தோட்டையில் இடிந்ததைவிடக் கூடுதல் வீடுகள். மிகப் பெரிய இழப்பைச் சந்தித்த கிழக்கில் பற்றாக்குறை. மீனவர்களுக்குப் படகு கொடுத்தார்கள். அதில் கடலுக்குத் தகுதியில்லாத படகுகளும் இருந்தன. ஒரு மீனவனுக்கு ஓட்டைப் படகைக் கொடுப்பது உதவியா, உயிராபத்தா? நிவாரணப் பணம் தகுதியில்லாதவர் கைக்கும் போனது என்று கணக்காய்வாளர் நாயகமே 2005இல் இடைக்கால அறிக்கையில் எழுதினார். அவ்வளவு சீக்கிரமே மணி அடித்தாயிற்று. கேட்டவர் குறைவு.

சரி, அது நன்கொடை. கடன் என்றால் இன்னும் பயப்படுங்கள்.

ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதல் கட்டத்துக்குச் சீன எக்ஸிம் வங்கியிடம் 30 கோடியே 70 இலட்சம் டொலர் வாங்கினோம். வட்டி 6.3 சதவீதம். பிறகு 2019இல் ஜப்பான், மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில் ஓட்டக் கடன் தர ஒப்பந்தம் செய்தது. வட்டி 0.1 சதவீதம். நாற்பது ஆண்டுகளில் கட்டினால் போதும். முதல் பன்னிரண்டு ஆண்டு முதலைத் தொடவே வேண்டாம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதே 30 கோடியே 70 இலட்சம் டொலருக்கு 6.3 சதவீதம் என்றால் முதல் ஆண்டு வட்டி மட்டும் சுமார் 1 கோடியே 93 இலட்சம் டொலர். 0.1 சதவீதம் என்றால் சுமார் 3 இலட்சம் டொலர். இரண்டும் செய்தித்தாளில் ஒரே மாதிரித்தான் வரும்: "வெளிநாட்டு உதவியில் மாபெரும் திட்டம்." அறுபது மடங்கு வித்தியாசம் அந்தத் தலைப்பில் தெரியாது!

இதில் எதை நாம் கைவிட்டோம் தெரியுமா? மலிவுக் கடனை. 2020 செப்டெம்பரில் இலகு ரயில் திட்டத்தை நிறுத்தச் சொல்லி அரசாங்கம் உத்தரவிட்டது. கொடுக்க வந்தவர்களோடு சரியாகப் பேசாமலேயே நிறுத்தியதால் ஜப்பானோடு உறவும் கசந்தது. அதுவரை ஆய்வுக்கும் வடிவமைப்புக்கும் ஆலோசகர்களுக்கும் செலவிட்டதெல்லாம் வீண். ஒரு திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கும் நேரம், கையெழுத்துப் போடுமுன். கையெழுத்தும் போட்டுவிட்டு, ஆட்சி மாறியதும் கிழித்தால் இரண்டு பக்கமும் நட்டம். அடுத்த முறை கேட்கப் போகும்போது யார் நம்புவார்கள்?

அந்த மலிவுக் கடனும் நிபந்தனை இல்லாமல் வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட ஜப்பானியக் கடனில் முதன்மை ஒப்பந்தகாரர் ஜப்பானிய நிறுவனமாக இருக்க வேண்டும். பொருட்களிலும் சேவைகளிலும் குறைந்தது 30 சதவீதம் அங்கிருந்து வர வேண்டும். சீனாவின் சலுகைக் கடனில் இது பாதிக்குக் குறையாது. போட்டி குறைந்தால் விலை ஏறும். வட்டியில் மிச்சம் பிடித்ததை சிமெந்திலும் இரும்பிலும் இழக்கலாம். ஆகவே வட்டியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மொத்த விலையைப் பாருங்கள்.

ஹம்பாந்தோட்டைக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் இதில் பெரும்பாலானோர் தவறாகப் புரிந்துகொண்ட ஒன்று இருக்கிறது. 2017இல் அந்தத் துறைமுகம் ஒரு சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. கிடைத்தது 112 கோடி டொலர். "கடனுக்காகத் துறைமுகத்தை எடுத்துக்கொண்டார்கள், கடன் தீர்ந்தது" என்று ஊரெல்லாம் பேச்சு.

தீரவில்லை! குத்தகைப் பணம் நாட்டின் டொலர் கையிருப்பைத் தேற்றப் போனது. துறைமுகக் கடன் அரசாங்கத்தின் தலையிலேயே இருந்தது. துறைமுகம் 99 ஆண்டு நம் கையில் இல்லை. கடன் மட்டும் நம் கையில். பக்கத்திலேயே மத்தள விமான நிலையம், 2013இல் திறந்தது. செலவு சுமார் 20 கோடியே 90 இலட்சம் டொலர், அதில் 19 கோடி சீனக் கடன். விமானம் வராததால் ஒரு காலத்தில் சரக்கு மண்டபத்தில் நெல் அடுக்கி வைத்தார்கள். வட்டிக்கு இது தெரியுமா? அது தன் பாட்டில் ஓடியது.

நான் நியாயமாகப் பேச வேண்டும். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்ததற்கு இந்தத் திட்டங்கள் மட்டும் காரணமில்லை. கூடிய வட்டிக்குச் சர்வதேசச் சந்தையில் விற்ற பிணைமுறிகள்தான் பெரிய சுமை. 2019 கடைசியில் வரியைக் கண்டபடி குறைத்தார்கள். பிறகு கொரோனா. ஆனால் வருமானம் தராத திட்டத்துக்கு டொலரில் கடன் வாங்கிப் பழகிய நாடு, நெருக்கடி வந்தபோது தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் நின்றது. அதன் விலையை நீங்கள் கட்டினீர்கள். பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. எரிவாயு வரிசை. வைத்தியசாலையில் மருந்தில்லை. 8 சதவீதமாக இருந்த பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியில் 18 சதவீதம் ஆனது. நீங்கள் இன்று கடையில் பிள்ளைக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கினால், அந்த ரசீதில் இந்தக் கதை இருக்கிறது.

இனி அறிகுறிகள். தயவுசெய்து மனதில் பதியுங்கள்.

அடிக்கல் வந்துவிட்டது, ஆய்வு அறிக்கை வரவில்லை. உடனே உஷார்!

உமா ஓயாவைப் பாருங்கள். 2008இல் ஈரானோடு ஒப்பந்தம். மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டி, தண்ணீரைக் கொண்டுபோய் 120 மெகாவாட் மின்சாரம் எடுத்து, வறண்ட தென்கிழக்குக்கு விடும் திட்டம். சுற்றாடல் ஆய்வு ஒழுங்காக முடியுமுன்பே வேலையில் இறங்கினார்கள் என்று சூழலியலாளர்கள் கத்தினார்கள். யார் கேட்டார்? 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மலைக்குள் இருந்த ஊற்று வடிந்தது. மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் அள்ளிய கிணற்றுக்குப் பக்கத்தில், பவுசர் எப்போது வரும் என்று வாளியோடு காத்திருக்க வேண்டி வந்தது. 2017இல் ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு இறங்கினார்கள். அதற்குள் இன்னொரு அடி: ஈரான் மீது பொருளாதாரத் தடை. 45 கோடி டொலர் கடன் தருவதாகச் சொன்ன வங்கி, 5 கோடி அளவில் கொடுத்ததோடு நின்றது. மீதியை நம் திறைசேரி சுமந்தது. திறப்பு விழா நடந்தது 2024 ஏப்ரலில்தான்.

இப்போது மின்சாரம் வருகிறது, உண்மை. ஆனால் கிணறு வற்றிய வீட்டுக்காரி கேட்டால் என்ன பதில் சொல்வோம்? அவளிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லையே.

ஒரே ஒரு நாட்டையோ ஒரே ஒரு வங்கியையோ முழுக்க நம்பி நிற்கும் திட்டம் என்றால், அவர்கள் திடீரென்று நிறுத்தினால் என்ன என்று முதலிலேயே கேளுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்தி வைத்தது. சில மாதங்களில் அந்த உதவியைக் கையாண்ட யூஎஸ்எய்ட் என்ற நிறுவனமே மூடப்பட்டது. உலகம் முழுவதும் கிளினிக்குகளும் திட்டங்களும் பாதியில் நின்றன. கொடுப்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. அவர் நாட்டில் தேர்தல் நடந்தால் போதும், உங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் நின்றுவிடலாம்!

இன்னொரு அறிகுறி. தண்ணீர் யாருக்கு என்று மட்டும் பேசுவார்கள். யாரிடமிருந்து என்று பேசமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் நிலை எல்லோருக்கும் தெரியும். உப்பும் நைத்திரேற்றும். குடாநாட்டுக்குக் குடிநீர் அவசரத் தேவை, அதில் இரண்டு கருத்தில்லை. 2010க்குப் பிறகு ஆசிய அபிவிருத்தி வங்கியும் பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகமும் நிதி தர, இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுபோகத் திட்டம் வந்தது. கிளிநொச்சி விவசாயிகள் பதறிப்போனார்கள். போரில் எல்லாம் இழந்து அப்போதுதான் மீளக் குடியேறியவர்கள். சிறுபோகத்தில் அந்தக் குளத்துத் தண்ணீர் அவர்களின் வயல்களில் ஒரு பகுதிக்கே போதும். அதிலும் பங்கு போனால்? இரண்டு ஊர்த் தமிழர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கும் நிலையைத் திட்டக் கோப்பு ஒன்று உண்டாக்கியது. இது எனக்கு மிகவும் வலிக்கிறது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. கடைசியில் திட்டத்தையே மாற்றி, தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டினார்கள். 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். இடையில் போன ஆண்டுகளை எண்ணுங்கள். கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் அதிகம் வேண்டும். அந்தச் செலவு என்றைக்கும் தொடரும். விவசாயிகளை முதல் ஆண்டிலேயே உட்காரவைத்துக் கேட்டிருந்தால்?

தாமதத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, இது யாருக்குமே தெரிவதில்லை. பல கடன்களில், ஒப்புக்கொண்டு இன்னும் எடுக்காத பணத்துக்கும் கட்டணம் உண்டு. ஆம், எடுக்காத பணத்துக்கு! காணி கிடைக்கவில்லை, கேள்விப்பத்திரம் இழுபடுகிறது, அமைச்சர் மாறிவிட்டார் என்று கோப்பு தூங்கும் ஒவ்வொரு மாதமும் நாம் கட்டுகிறோம்.

பராமரிப்புக்கு யார் பணம் தருவார்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்களா? அதுவும் அறிகுறி. வைத்தியசாலைக்கு இயந்திரம் வரும், உதிரிப்பாகம் வராது. கட்டிடம் வரும், தாதி வரமாட்டார். வெளிநாட்டுப் பணம் கட்டுவதோடு முடிந்துவிடும். ஓட்டுவது உங்கள் பிரதேச சபை. அதன் வருமானம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

கணக்கை ஒரு சிலர் மட்டும் கையாண்டால் அது எல்லாவற்றையும்விட ஆபத்து. ஆபிரிக்காவில் மலாவி என்ற சிறிய, ஏழை நாடு. அரசாங்கச் செலவில் பத்தில் நான்கு பங்குக்குக் கிட்ட வெளிநாட்டு உதவியால் நடந்தது. 2013இல் அங்கே நிதியமைச்சின் வரவுசெலவுப் பணிப்பாளர் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டார். அதன்பிறகுதான் பூதம் வெளியே வந்தது. அதிகாரிகளின் கார்களிலும் வீடுகளிலும் கட்டுக்கட்டாகப் பணம்! அரசாங்கக் கொடுப்பனவுக் கணினியில் பணத்தை அனுப்பிவிட்டு, அனுப்பிய பதிவையே அழித்திருந்தார்கள். ஆறே மாதத்தில் சுமார் 3 கோடியே 20 இலட்சம் டொலர் போனது. உதவி தந்த நாடுகள் அரசாங்கத்துக்கு நேரடியாகக் கொடுத்த பணத்தை நிறுத்தின. அடி யாருக்கு விழுந்தது? திருடியவனுக்கு இல்லை. மருந்து தேடி அரசாங்க வைத்தியசாலைக்கு நடந்துபோன ஏழைக்கு.

இவ்வளவும் படித்துவிட்டு, வெளிநாட்டு உதவியே வேண்டாம் என்று முடிவுகட்டாதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நாம் தனியாகக் கட்டியிருக்கவே முடியாத பாடசாலைகள், வீதிகள், குடிநீர்த் திட்டங்கள் இந்தப் பணத்தால் வந்திருக்கின்றன. வடக்கில் கண்ணிவெடி அகற்றியதிலும் வெளிநாட்டுப் பணம் இருக்கிறது. இன்று அந்த மண்ணில் பிள்ளைகள் பயமில்லாமல் நடக்கிறார்கள். எனக்குப் பயம் உதவியைப் பற்றியதில்லை. கேள்வி கேட்காமல் வாங்குவதைப் பற்றி.

நம்மிடம் மதிப்பிடும் ஏற்பாடே இல்லையா? கடதாசியில் இருக்கிறது. 2018இல் தேசிய மதிப்பீட்டுக் கொள்கை ஒன்றைக்கூட அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. கணக்காய்வாளர் நாயகம் ஆண்டுதோறும் எழுதுகிறார். பாராளுமன்றத்தின் கோப் குழு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கிறது. தொலைக்காட்சியில் நாமும் பார்க்கிறோம். ஆனால் இதெல்லாம் பணம் போன பிறகு. அதைவிடக் கொடுமை, நம் திட்டங்களுக்கு மதிப்பெண் போடுவது பெரும்பாலும் கொடுத்தவர்களே. ஜப்பானின் ஜெய்க்கா நிறுவனம் திட்டம் முடிந்து சில ஆண்டுகளில் ஆள் அனுப்பிப் பார்த்து ஏ, பி, சி, டி என்று தரம் போடுகிறது. ஆசிய அபிவிருத்தி வங்கியும் மணிலாவில் இருந்து தன் அறிக்கையை வெளியிடுகிறது. எல்லாம் ஆங்கிலத்தில். உங்கள் ஊரைப் பற்றிய மதிப்பெண் டோக்கியோவில் இருக்கிறது, உங்கள் பிரதேச செயலகத்தில் இல்லை. கடனைக் கட்டுகிறவர் நீங்கள், தமிழிலும் சிங்களத்திலும் அதைக் கேளுங்கள்!

இப்போது, உங்கள் கையில் என்ன இருக்கிறது? நிறையவே. பெரும்பாலானோர் தொட்டுக்கூடப் பார்க்காத ஆயுதங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தை எடுத்து 9ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டம் என்றால், வேலை தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே அமைச்சர் அதைப் பற்றிப் பொதுமக்களுக்குத் தகவல் வெளியிட வேண்டும். இது சட்டம்! தயவு இல்லை! திட்டம் நடக்கும் காலம் முழுவதும், எழுத்தில் கேட்கும் குடிமகனுக்கு இன்றைய நிலைமையைச் சொல்லவும் வேண்டும். உங்கள் ஊரில் நட்ட பலகைக்கு இந்தத் தகவல் வந்ததா? வரவில்லையென்றால் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்குக் கடிதம் எழுதுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் சொல்லியாக வேண்டும்.

என்ன கேட்பது என்று தெரியவில்லையா? இப்படிக் கேளுங்கள். இது நன்கொடையா, கடனா? வட்டி எவ்வளவு, முதல் தவணை எந்த ஆண்டு? சாத்தியவள ஆய்வின் பிரதியும் சுற்றாடல் அறிக்கையும் எங்கே? ஒப்பந்தகாரரைப் போட்டி வைத்து எடுத்தீர்களா? வேலை முடிந்த பிறகு ஓட்டும் செலவு யாருடையது? பயனாளிகள் பட்டியலை யார், எந்த விதிப்படி போடுகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை மறக்கவே மறக்காதீர்கள். அந்த 500 வீடும் பூட்டிக் கிடந்தது இதைக் கேட்காததால்தான்.

தனியாகப் போகாதீர்கள். கோயில் சபை, பள்ளிவாசல் நிர்வாகம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, யாராவது சேர்ந்து போங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் உங்கள் பிரதிநிதியைக் கொண்டு எழுப்புங்கள். பதில் கிடைத்தால் திகதியோடு பத்திரமாக வையுங்கள். அதிகாரி மாறுவார், கடிதம் மாறாது.

பணம் தந்தது ஆசிய அபிவிருத்தி வங்கி என்றால் இன்னொரு கதவும் இருக்கிறது. அந்த வங்கியின் திட்டத்தால் பாதிக்கப்பட்டவர்கள் வங்கி மீதே முறையிடலாம். சும்மா சொல்லவில்லை, நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. தெற்கு அதிவேக வீதி போடும்போது முதலில் சொன்ன பாதையை மாற்றி, ஊர்களுக்குள்ளே கொண்டுபோனார்கள். வீடும் வயலும் இழந்த மக்கள் சேர்ந்து முறையிட்டார்கள். வங்கியின் சொந்த விசாரணைக் குழுவே 2005இல், வங்கி தன் விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று சொன்னது. வீதி நிற்கவில்லை. ஆனாலும் நட்டஈடும் மீள்குடியேற்றமும் எப்படி நடக்கின்றன என்று கண்காணிக்க வேண்டிய கட்டாயம் வங்கிக்கு வந்தது.

குறைந்தது இரண்டு பேராவது சேர்ந்து முறையிட வேண்டும். முதலில் அந்தத் திட்டத்தைக் கவனிக்கும் வங்கி அதிகாரிகளோடு பேசிப் பார்த்ததற்கு ஆதாரம் வேண்டும். முறைப்பாட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றில்லை, தமிழிலேயே எழுதலாம். பயமாக இருந்தால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கலாம். ஆனால் ஒன்று: கடன் கணக்கு மூடி இரண்டு ஆண்டு தாண்டினால் முறைப்பாட்டை எடுக்கமாட்டார்கள். ஆகவே உங்கள் ஊர்த் திட்டத்தின் கடன் எந்தத் திகதியில் மூடுகிறது என்பதைத் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதும் அந்த முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். இந்தக் கிழமையே எழுதுங்கள்.